டிஸ்க்குக்குப் பேர் வைப்போம்

நேராகவே சொல்கிறோம். தோட்டத்துப் பழைய படங்கள், காமன் கூத்துப் பதிவுகள், பாட்டியின் குரல், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் என்று எதையாவது ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு இளைஞர் குழுவும், வாசிகசாலையும், வீடும் அந்த டிஸ்க்குக்கு ஒரு பேர் வைக்கணும். மேலே ஸ்டிக்கர் ஒட்டுவதை மட்டும் சொல்லவில்லை. டிஸ்க்குக்கு உள்ளேயே எழுதி வைக்கிற பேர். லினக்ஸ்காரர்கள் அதை லேபிள் என்று சொல்வாங்க. கொம்பியூட்டர் அந்தப் பேரைச் சொல்லித்தான் டிஸ்க்கைக் கூப்பிடணும்.

இதுக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீங்க. கேளுங்க. இரண்டு நிமிஷ வேலைதான் இது. ஆனா அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்காததால் பத்து வருஷச் சேகரிப்பு போகக்கூடிய வழிகள் இருக்கு. அந்த வழிகளைத் தெரிஞ்சுகொள்ளணும் என்பதுதான் எங்கள் வாதம்.

லினக்ஸ் ஏன் என்று முதலில் ஒரு வரி. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. நம்ம பக்கம் புழங்குகிற பழைய லெப்டொப்கள், கைமாறி கைமாறி வந்த மேசைக் கணினிகள் நிறையவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றைத் தூக்கிப் போட எங்களிடம் வசதி இல்லை. லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். அதனால்தான் அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் லினக்ஸ் பற்றிக் கேட்கிற பொடியன்களும் பிள்ளைகளும் இப்போ கூடியிருக்காங்க. கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று: "நேத்து இருந்த டிஸ்க் இன்னைக்கு எங்க போச்சு?"

முதலில் வந்தவருக்கு 'ஏ'

விண்டோஸில் பென் டிரைவைச் செருகினால் ஒரு நாள் 'ஈ' என்று வரும், இன்னொரு நாள் 'எஃப்' என்று வரும். பார்த்திருப்பீங்க. லினக்ஸிலும் அதே கதைதான், எழுத்து மட்டும் வேறு. டிஸ்க்குகளை அது எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று கூப்பிடும். 'எஸ்டி' என்பது அந்தக் காலத்து ஸ்கஸி டிஸ்க் என்பதன் மிச்சம். கடைசி எழுத்துதான் வரிசை. எஸ்டிபி1 என்றால் இரண்டாவது டிஸ்க்கின் முதல் பகுதி.

இந்த வரிசையை யார் தீர்மானிப்பது? யாரும் இல்லை. கொம்பியூட்டர் கண் விழிக்கும்போது லினக்ஸின் கேர்னல் எல்லா டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் தேடும். எது முதலில் "இருக்கேன்" என்று குரல் கொடுக்குதோ அதுக்கு 'ஏ'. அடுத்ததுக்கு 'பி'. காலைப் பெரட்டில் நிற்கிற மாதிரி, வந்த வரிசையில் இடம். யூஎஸ்பியில் தொங்குகிற பழைய டிஸ்க் சுழல ஆரம்பிக்க ஒரு சில விநாடி தாமதித்தால் அது ஒரு இடம் பின்னுக்குப் போயிடும். கார்ட் ரீடர் ஒன்றைக் கூடுதலாகச் செருகினால் எல்லாரும் ஒரு இடம் தள்ளிப் போகலாம். கேபிளை மாற்றிச் செருகினாலும் அப்படித்தான்.

அதாவது எஸ்டிபி என்பது அந்த டிஸ்க்கின் பேர் இல்லை. அந்த நேரத்தில் அது நிற்கிற இடம்.

இடத்தை வைத்து ஆளை அழைப்பது என்ன என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களின் விலாசம் இன்றைக்கும் பல இடங்களில் தோட்டத்தின் பேர், டிவிஷன், லயத்து நம்பர் என்பதோடு முடிஞ்சுபோகிறது. காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஒஃபிஸுக்கு வரும். அங்கிருந்து யாராவது ஒருத்தர் கையில் போகும். அதே லயத்தில் இரண்டு செல்வராணி இருந்தால் கடிதம் எந்தச் செல்வராணிக்குப் போகும்? ஏ/எல் முடிச்ச பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிஞ்ச பிறகு கைக்கு வந்தது என்ற கதையை நம்மில் கேள்விப்படாதவர் இல்லை. கடிதம் எழுதினவர் மேல் பிழை இல்லை. கொண்டு வந்தவர் மேலும் சில நேரம் பிழை இல்லை. விலாசமே ஆளைக் காட்டவில்லை. அதுதான் பிழை.

கொம்பியூட்டரிலும் அதே பிழையை நாங்களே கட்டி வைக்கக் கூடாது.

என்னதான் நடந்துவிடும்?

எஃப்எஸ்டேப் என்று ஒரு சின்ன ஃபைல் லினக்ஸில் இருக்கு. எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் கொண்டுவந்து பொருத்தணும் என்று அதில் வரி வரியாக எழுதியிருக்கும். இந்தப் பொருத்தலுக்குத்தான் மவுண்ட் என்று பேர். கொம்பியூட்டர் எழும்பும்போது அந்த ஃபைலைப் படித்து வேலையைச் செய்யும். இணையத்தில் கிடைக்கிற பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதில் எஸ்டிபி1 என்று எழுதிவைக்கிறவர்கள் நிறைய. எழுதின அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் ஓடும். வில்லங்கம் பிறகுதான்.

முதல் வகை வில்லங்கம், கொம்பியூட்டர் எழும்பாது. சொன்ன இடத்தில் சொன்ன டிஸ்க் இல்லையென்றால் சிஸ்டம்டி என்கிற நிர்வாகி வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும். பிறகு கறுப்புத் திரையில் எமர்ஜென்சி மோட் என்று சொல்லி நின்றுவிடும். புதிதாக லினக்ஸ் போட்ட வாசிகசாலையில் இது ஒரு முறை நடந்தால் போதும். "இது சரிவராது, பழையபடி விண்டோஸையே போடுங்க" என்பாங்க.

இது தொல்லைதான், நட்டம் இல்லை. இரண்டாவது வகை மோசம். டிஸ்க் பொருந்தாமல் போயும் கொம்பியூட்டர் எழும்பிவிடுகிறது. டிஸ்க் வந்து உட்கார வேண்டிய ஃபோல்டர் மட்டும் வெறுமையாக இருக்கும். ஃபோல்டர் இருப்பதால் நீங்க பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. இரவு 10 மணிக்கு ஓடுகிற பேக்கப் அந்த வெறும் ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் கொட்டும். அது போய்ச் சேருவது உள்ளே இருக்கிற அதே டிஸ்க்கில். பேக்கப் இருக்கு என்று நினைச்சுக்கொண்டிருப்பீங்க. இருப்பது ஒரே டிஸ்க்கில் இரண்டு பிரதி. அந்த டிஸ்க் போனால் இரண்டும் போகும்.

மூன்றாவது வகைதான் எங்களுக்குப் பயம் தருவது. ஆர்சிங்க் என்ற கருவியை வைத்து இரண்டு டிஸ்க்கை ஒரே மாதிரி வைத்திருப்பவர்கள் உண்டு. மூலத்தில் அழித்ததைப் பிரதியிலும் அழிக்கச் சொல்லும் டிலீட் என்ற தெரிவு அதில் இருக்கு. இப்போ மூல டிஸ்க் பொருந்தவில்லை, ஃபோல்டர் வெறுமை என்று வையுங்க. ஆர்சிங்க் என்ன நினைக்கும்? "மூலத்தில் ஒன்றுமே இல்லை, அப்போ பிரதியிலும் ஒன்றும் இருக்கக் கூடாது" என்று நினைக்கும். சொன்ன வேலையைச் சரியாகச் செய்து, பிரதியைச் சுத்தமாகத் துடைத்துவிடும். எந்த டிஸ்க்கும் பழுதாகவில்லை. வைரஸ் இல்லை. மின்னல் அடிக்கவில்லை. ஒரு எழுத்து இடம் மாறியது, அவ்வளவுதான்.

நான்காவது, ஃபோர்மட் செய்யும்போது. எஸ்டிசியை ஃபோர்மட் பண்ணணும் என்று நேற்று ஒரு தாளில் எழுதிவைத்தீங்க. இன்றைக்கு எஸ்டிசி வேறு ஆள்.

இதெல்லாம் அபூர்வம் என்று சொல்லலாம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீங்க. இப்போ அவ்வளவு இல்லை. ஆனா மலையில் காற்றும் மழையும் கிளம்பினால் கரண்ட் போய் வருவது வழக்கம். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் எல்லா டிஸ்க்கும் மறுபடி பெரட்டுக்கு வருது. மறுபடி வரிசை. கொழும்பில் ஏசி அறையில் வருஷக் கணக்காக நிற்காமல் ஓடும் சேர்வரில் அபூர்வமாக வருவது, எங்கள் மேசையில் அவ்வளவு அபூர்வம் இல்லை.

நம்பரா, பேரா?

லினக்ஸ் தெரிஞ்சவர்கள் இந்த இடத்தில் குறுக்கே வருவாங்க. "இதுக்குத்தான் யூயூஐடி இருக்கே" என்பாங்க. உண்மைதான். ஒரு டிஸ்க் பகுதியை ஃபோர்மட் செய்யும்போதே அதுக்கு ஒரு நீண்ட எண் கிடைத்துவிடும். 128 பிட், எழுதிப் பார்த்தால் இடைக்கோடுகளோடு 36 எழுத்து. உலகத்தில் இன்னொன்றுக்கு அதே எண் அமைவதற்கான வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். உபுண்டு, டெபியன் எல்லாம் நிறுவும்போதே எஃப்எஸ்டேப்பில் யூயூஐடியைத்தான் எழுதுகின்றன. கொம்பியூட்டர் எழும்புவதற்கு வேண்டிய அந்தச் சிஸ்டம் டிஸ்க்குக்கு அதுவே சரி. அதில் கை வைக்காதீங்க.

பேருக்கு எதிரான வாதமும் நியாயமானது. ஒரே பேரை இரண்டு டிஸ்க்குக்கு யாரும் வைக்கலாம், தடுக்க ஆள் இல்லை. பழைய ரெட் ஹேட் லினக்ஸில் சிஸ்டம் டிஸ்க்குகளுக்கு லேபிள்தான் வழக்கம். எல்லாக் கொம்பியூட்டரிலும் ஒரே லேபிள். பழுதான ஒரு கொம்பியூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் ஒரே பேரில் இருவர் நிற்பாங்க. எதை எடுப்பது என்று தெரியாமல் குழம்பும். யூயூஐடிக்கு மாறியதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் ஒத்துக்கொண்டுதான் சொல்கிறோம்: கைமாறுகிற டிஸ்க்குகளுக்கு, சேகரிப்பு டிஸ்க்குகளுக்கு, பேக்கப் டிஸ்க்குகளுக்குப் பேர்தான் வேண்டும்.

காரணம் ஒன்று. டிஸ்க் சாகும். ஐந்து வருஷமோ எட்டு வருஷமோ, ஒரு நாள் சாகும். புதுசு வாங்கி, பிரதியிலிருந்து திருப்பி எழுதுவீங்க. புது டிஸ்க்குக்குப் புது யூயூஐடி. அப்போ எஃப்எஸ்டேப்பைத் திருத்தணும், யூயூஐடி எழுதின ஸ்கிரிப்டுகளைத் தேடணும். ஆனா புது டிஸ்க்குக்கும் பழைய பேரையே வைத்தால் எதையும் தொட வேண்டாம். ஆள் மாறினாலும் அந்த வேலையின் பேர் மாறாது. கணக்கப்பிள்ளை மாறினாலும் கணக்கப்பிள்ளைதான் என்கிற மாதிரி.

காரணம் இரண்டு. 36 எழுத்து எண்ணை மனுஷனால் படிக்க முடியாது. எஃப்எஸ்டேப்பில் ஆறு வரி யூயூஐடி இருந்தால் எது கூத்துப் பதிவு, எது படங்கள் என்று யாருக்குத் தெரியும்? எழுதினவருக்கே ஆறு மாசத்தில் மறந்துபோகும். எண் இயந்திரத்துக்கு வசதி, ஆளுக்கு இல்லை. டின் டிக்கெட் என்று தகரத்தில் எண் பொறித்து, தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண் என்று எங்கள் முன்னோரைக் கப்பலிலிருந்து இறக்கி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. எண்ணில் பிழையே வந்திருக்காது. வந்தது யார் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. டிஸ்க்கும் மனுஷனும் ஒன்றில்லை, தெரியும். ஆனா அந்த டிஸ்க்கில் இருப்பது மனுஷர்தான்.

காரணம் மூன்று, எங்களுக்கு இதுதான் முக்கியம். இளைஞர் குழு என்றால் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பாங்க. ஒருத்தர் கொழும்புக்குக் கடை வேலைக்கு. ஒருத்தர் கட்டாருக்கு. ஒரு தங்கச்சி கெம்பஸுக்கு. "அதெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே நாலு வருஷம் ஓடிவிடும். பிறகு அந்த அண்ணனின் போன் நம்பர் மாறிவிடும். அலுமாரிக்குள் நாலு கறுப்புப் பெட்டி இருக்கும். எது மூலம், எது பிரதி, எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது? செருகின உடனே பேர் வந்தால் புதுசா வந்த பிள்ளைக்கும் புரியும். நம்பகம் என்று சொல்வது கொம்பியூட்டர் சரியாக எழும்புவதை மட்டும் இல்லை. நாங்கள் இல்லாத நாளிலும் இன்னொருத்தர் அதைத் திறந்து புரிஞ்சுகொள்ள முடியணும். அதையும் சேர்த்துத்தான் நம்பகம்.

தமிழில் பேர் வைக்கலாமா?

வைக்கலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. லினக்ஸில் அதிகம் புழங்குகிற எக்ஸ்ட்4 வகை டிஸ்க்கில் லேபிளுக்கு 16 பைட் இடம்தான். ஆங்கில எழுத்து என்றால் ஒன்றுக்கு ஒரு பைட், 16 எழுத்து எழுதலாம். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாக 3. ஆக ஐந்து குறிக்கு மேல் ஏறாது. 'பதுளை' 15 பைட், ஏறும். 'அப்புத்தளை' 30 பைட், ஏறாது! 'தேயிலை' 18, ஏறாது. 'லயம்' 12, ஏறும். 'அம்மா' 15, ஏறும். சேகரிப்புக்கு வேண்டிய சொற்கள் நல்ல வேளையாகச் சின்னவை: 'படம்', 'பாடல்', 'குரல்' மூன்றும் ஏறும். 'குரல்' என்பதோடு ஒரு இலக்கத்தைச் சேர்த்தால் சரியாக 16. எக்ஸ்எஃப்எஸ் வகையில் 12 பைட்தான் என்பதால் அங்கே 'லயம்' அளவோடு நிறுத்திக்கொள்ளணும்.

விண்டோஸிலும் லினக்ஸிலும் திறக்க வசதியாகப் பல பேர் வெளி டிஸ்க்குகளை எக்ஸ்ஃபேட் வகையில் வைத்திருப்பாங்க. அதில் 11 குறிக்கு இடம் உண்டு, தமிழென்றாலும் ஆங்கிலமென்றாலும். 'அப்புத்தளை'க்கு 10 குறி. ஒன்று மிச்சம். என்டிஎஃப்எஸ் என்றால் 32. பழைய ஃபேட்32 மட்டும் தமிழுக்குச் சரிவராது.

எங்கள் கருத்து இது: செருகி, கிளிக் பண்ணித் திறக்கிற வெளி டிஸ்க்குகளுக்குத் தமிழிலேயே பேர் வையுங்க. திரையில் தமிழில் பேர் வருவது வீட்டில் மூத்தவங்களுக்கும் உதவும். எஃப்எஸ்டேப்பில் எழுதப் போகிற டிஸ்க்குகளுக்கு அதே தமிழ்ப் பேரை ஆங்கில எழுத்தில் வையுங்க, வாட்ஸ்அப்பில் எழுதுவோமே, அப்படி. காரணம் பெருமை சிறுமை இல்லை. ஏதாவது பிழைச்சு அந்தக் கறுப்புத் திரை வந்தால் அங்கே தமிழ் எழுத்து தெரியாது, தமிழில் அடிக்கவும் முடியாது. ஆபத்து நேரத்தில் கூப்பிட முடிகிற பேராக இருக்கணும். பேருக்குள் இடைவெளியும் விடாதீங்க, எஃப்எஸ்டேப்பில் அது தனித் தலைவலி.

செய்கிற விதம்

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கணும்.

முதலில் பாருங்க. எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளைக்குப் பின்னால் ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு, எஃப் போட்டால் எந்த டிஸ்க்கில் எந்த வகை, என்ன பேர், என்ன யூயூஐடி என்று வரிசையாக வரும். பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் அதுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. பேர் இல்லாத டிஸ்க்கைக் கிளிக் பண்ணித் திறந்தால், திறக்கிற ஃபோல்டருக்கே அந்த நீண்ட எண்தான் பேராக வரும்.

அடுத்து பேர் வையுங்க. எக்ஸ்ட்4க்கு இ2லேபிள். எக்ஸ்ஃபேட்டுக்கு எக்ஸ்ஃபேட்லேபிள், என்டிஎஃப்எஸ்ஸுக்கு என்டிஎஃப்எஸ்லேபிள். கட்டளை பிடிக்காதவர்களுக்கு டிஸ்க்ஸ் என்ற செயலியும் ஜிபார்ட்டட் என்ற செயலியும் இருக்கு. இரண்டிலும் லேபிளை மாற்றும் இடத்தைத் தேடினால் கிடைக்கும். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஃபோர்மட் என்ற பக்கம் மட்டும் போகாதீங்க.

மூன்றாவது, எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 என்று இருந்த இடத்தில் லேபிள் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஒரு சமக்குறி போட்டு, வைத்த பேரை எழுதுங்க. அதே வரியில் தெரிவுகள் எழுதும் இடத்தில் நோஃபெயில் என்று சேருங்க. டிஸ்க் செருகாமல் இருந்தாலும் கொம்பியூட்டர் எழும்பும். எழுதினவுடன் ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. முதலில் மவுண்ட் கட்டளைக்குப் பின்னால் சிறுகோடு ஏ போட்டு ஓட்டிப் பாருங்க. பிழை இருந்தால் அங்கேயே சொல்லும், திருத்திக்கொள்ளலாம்.

நோஃபெயில் போட்டால் ஒரு பொறுப்பும் சேர்ந்து வரும். டிஸ்க் இல்லாமலே கொம்பியூட்டர் எழும்பும் என்றால், மேலே சொன்ன வெறும் ஃபோல்டர் ஆபத்து நம் தலைமேல். அதனால் பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வேலை, மவுண்ட்பாயிண்ட் என்ற கட்டளையால் டிஸ்க் உண்மையிலேயே பொருந்தியிருக்கா என்று கேட்பது. இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் நிற்கணும். மூலம், பிரதி இரண்டு பக்கத்துக்கும் கேட்கணும். இது இல்லாமல் டிலீட் தெரிவைப் பாவிக்கவே கூடாது.

கடைசியாக, பேர் இரட்டிக்காமல் பாருங்க. பொருளும் இலக்கமும் சேர்ந்த பேர் நல்லது: படம் ஒன்று மூலம், படம் இரண்டு பிரதி. ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு டிடி கட்டளையால் பிரதி எடுத்தால் பேர் மட்டும் இல்லை, யூயூஐடியும் சேர்ந்து பிரதியாகும். உலகத்தில் ஒன்றே ஒன்று என்று சொன்ன எண்ணுக்கும் அப்போ இரட்டை வந்துவிடும். எடுத்த கையோடு இரண்டையும் மாற்றுங்க. ஒரே பேரில் இரண்டு டிஸ்க்கைச் செருகினால் இரண்டாவதின் ஃபோல்டர் பேருக்குப் பின்னால் லினக்ஸ் தானாக 1 என்று சேர்க்கும். அதைக் கண்டால் உடனே நிறுத்திப் பாருங்க. உள்ளே வைத்த அதே பேரை மார்க்கரால் வெளியிலும் எழுதுங்க.

எதைக் காப்பாற்றுகிறோம்?

"கூகுளில் போடலாமே" என்று ஒரு கேள்வி எப்பவும் வரும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. நல்ல தரத்தில் ஸ்கேன் பண்ணினால் ஒரு பழைய சங்க மலரே கணிசமான இடத்தைப் பிடிக்கும். ஒரு இரவுக் கூத்தைப் பதிவு பண்ணினால் கேட்கவே வேண்டாம். டேட்டா காசு வேறு. கணக்கும் யாரோ ஒருத்தரின் பேரில், ஒருத்தரின் பாஸ்வேர்டில். அதையும் வையுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. டிஸ்க்கை விட்டுவிட்டு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தாள் இல்லாததால் என்ன நடக்கும் என்பதை எங்கள் சமூகம் அனுபவிச்சிருக்கு. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் திரும்பக் கேட்கப் போனால், திருமணமானவர் 7 வருஷமும் மற்றவர் 10 வருஷமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததாகக் காட்டணும். சுமார் 8 லட்சம் பேர் விண்ணப்பிச்சாங்க. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பிறகு 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் எங்களைக் கேட்காமலே எங்களைப் பங்கு போட்டாங்க. இந்தக் கதை சட்டத்தில் முடிவதற்கு 2003 வரைக்கும் ஆனது. அத்தனை காலமும் ஒரு குடும்பத்தின் தலைவிதி ஒரு பிறப்புச் சான்றிதழிலும், செக்ரோலில் இருந்த ஒரு பேரிலும், அந்தப் பேர் எப்படி எழுதப்பட்டது என்பதிலும் தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்றுதான் சொல்வோம். கொழுந்து குறைஞ்சால் அரைப்பேர். பேர் என்ற சொல்லின் எடை தெரிஞ்ச ஆட்கள் நாங்கள்.

மலையும் நிரந்தரம் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று முதலில் சொன்னாங்க. பிறகு அந்த எண் பெரிதாகக் குறைந்தது. யார் யார் அந்தக் காலையில் வீட்டில் இருந்தாங்க என்று சேர்க்கவே நாட்கள் போயின. ஆட்களோடு அவங்க பெட்டிகளும், பெட்டிக்குள் இருந்த படங்களும் தாள்களும் போயின. அதுக்குப் பிறகும் எங்கள் சேகரிப்பு எல்லாம் ஒரே வீட்டு அலுமாரியில், ஒரே மலைச்சரிவில் இருக்கலாமா? மூன்று பிரதி வேணும். ஒன்று அப்புத்தளையில், ஒன்று பண்டாரவளையில், ஒன்று பதுளையிலோ அதுக்கும் அப்பாலோ. மூன்று பேர் கையில் மூன்று டிஸ்க் என்று வந்துவிட்டால், பேர் இல்லாமல் ஒரு நாளும் சமாளிக்க முடியாது.

2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் பண்ணி எல்லாரும் படிக்கிற மாதிரி வைத்திருக்கு, மலையகத்தினுடையதும் அங்கே உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கு எங்கள் தோட்டத்துச் சேகரிப்பு போய்ச் சேரணும் என்றால், அதுவரைக்கும் அது உயிரோடு இருக்கணும், எதில் என்ன இருக்கு என்று சொல்லக்கூடியதாகவும் இருக்கணும். 2012இலிருந்து கணியம் இதழ் லினக்ஸைத் தமிழிலேயே சொல்லித் தருகிறது. ஆங்கிலம் தெரியாது என்பது இனிச் சாக்கு இல்லை.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்கள் குழுவிலும் வீட்டிலும் இருக்கிற டிஸ்க்குகளை எல்லாம் ஒரு மேசையில் அடுக்குங்க. ஒவ்வொன்றாகச் செருகி, உள்ளே என்ன என்று பார்த்து, பேர் வையுங்க. பேர், உள்ளே இருப்பது, யார் கையில் இருக்கு என்று ஒரு சிஆர் கொப்பியில் எழுதுங்க. பக்கத்தில் ஒரு தம்பியையோ தங்கச்சியையோ உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்க. அடுத்த முறை அந்த டிஸ்க்கைத் திறக்கப் போவது அவங்கதான்.